இடது சீட்

கிரீச்... கிரீச்...

இருட்டியதும் கீழே தெருவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. எதையோ எலி சுரண்டுவதுபோல விட்டு விட்டுக் கேட்டது. மடியில் கிடந்த குழந்தை இன்ஷா திடுக்கிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"மச்சான், என்ன சத்தம் அது?" என்றாள் ஸமீரா. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்.

அவள் கணவன் மாஹிர் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். கரண்ட் இல்லாத தெருவில் ஒரே ஒரு டார்ச் வெளிச்சம். அவன் ஓட்டிக்கொண்டிருந்த டாக்ஸியின் முன்கண்ணாடியில், படத்தோடு ஒட்டியிருந்த அவனுடைய டிரைவர் அட்டையை வண்டியின் சொந்தக்காரர் அப்துல் பாரி பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல. என் மூஞ்சியத்தான் சுரண்டுறாரு."

லைசென்ஸில் ஏற்கெனவே அபராதப் புள்ளிகள் ஏறிக் கிடந்தன. சிக்னலில் கோட்டைத் தாண்டியது, நிறுத்தக்கூடாத இடத்தில் ஆளை ஏற்றியது என்று ஒவ்வொன்றாக. இன்னும் ஒரு தடவை மாட்டினால் ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் கிடையாது, வண்டியின் இன்சூரன்ஸும் கூடிவிடும் என்று அப்துல் பாரி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார்.

நேற்று மாட்டிக்கொண்டான். மாட்டிவிட்டது ஸமீரா.

யாங்கூனில் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களுக்கோ ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். இடது பக்கம் என்ன இருக்கிறது, என்ன வருகிறது என்று ஓட்டுகிறவனுக்குச் சரியாகத் தெரியாது. இடது சீட்டில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்ஷாவுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்புகிற வழி. தின்கன்ஜூன் முனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். முன்னால் நின்ற பஸ் அவன் பார்வையை மறைத்தது.

"போர்டு ஏதும் இருக்கா பாரு."

"இல்ல மச்சான். எதிர்ல வண்டியும் வரல. திரும்புங்க."

திரும்பினான். 'இடப்பக்கம் திரும்பாதே' என்று ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. அதற்குப் பக்கத்திலேயே போக்குவரத்துப் போலீஸ். லைசென்ஸை வாங்கிப் பார்த்து, பர்மிய மரியாதையோடு, "கோ மாஹிர், இனி கொஞ்ச நாள் பஸ்ஸில போங்க" என்று சிரித்துவிட்டு, அதைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

நேற்றிலிருந்து மாஹிர் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"கான்வென்ட்ல படிச்சவளாம்! சுவத்து மூலையில இருக்கிற பல்லி தெரியும். பிள்ளைக்கு ஒரு எறும்பு கடிச்ச தடம் தெரியும். அவ்வளவு பெரிய போர்டு மட்டும் தெரியாதாம்!"

ஸமீரா குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஷ்வேப்யிதாவுல ஃபாக்டரி விட்டு நடுராத்திரியில பொம்பளப் பிள்ளைங்க நிக்கும். என் வண்டிக்குன்னே நிக்கும். இனிமே அதுகள யாரு கூட்டிட்டு வருவா? நம்ம அடுப்பு எப்படி எரியும்? வாயத் தொறந்து சொல்லேன்!"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

அப்துல் பாரிதான். மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு உள்ளே வந்து, கிழிந்துபோன அட்டையை நீட்டினார்.

"இந்தா தம்பி. மூக்கு மட்டும் கண்ணாடியோடவே இருக்கேன்னு அடம்பிடிக்குது."

அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிற மாஹிருக்குச் சிரிப்பு வரவில்லை. "வேற ஆள் போட்டாச்சா காக்கா?"

"கணேஷ்குமார் வர்றான். என்ன செய்யச் சொல்றே? உன் பேர வச்சுக்கிட்டா இன்சூரன்ஸ்காரன் என் தலையில ஏத்துவான். மனசுல வச்சுக்காத."

"நான் எங்க காக்கா போவேன்?"

"எங்க போவேன்னா? நம்ம டயர் கடைக்குத்தான். கூலி கொஞ்சம் குறைச்சல். ஆனா மஃரிப் தொழுகைக்கு வீடு வந்து சேந்துடலாம். அதான் நம்ம ஸமீரா தங்கச்சிக்கிட்ட போன வாரமே சொல்லிட்டேனே!"

"போன வாரமா?"

"ஆமா. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ அன்னிக்குக் கடைக்கு வந்து, மச்சானுக்குப் பகல் வேலை ஏதாச்சும் இருக்குமான்னு கேட்டுச்சு. அவன் எங்கம்மா வண்டிய விட்டு வருவான்னேன். வருவாங்க காக்கான்னு சொல்லிச்சு. நாளைக்கே வந்துரு தம்பி." சலாம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மாஹிர் மெல்லத் திரும்பினான்.

"ஸமீரா. நேத்து அந்த போர்டு..."

"தெரிஞ்சுது மச்சான்."

"போலீஸு?"

"அவரும் தெரிஞ்சாரு."

"அடிப்பாவி! ஏன்டி?"

குழந்தையைப் படுக்கையில் கிடத்திவிட்டு எழுந்தாள். அவனுக்கு நேராக வந்து நின்றாள்.

"போன வியாழக்கிழமை பாலத்து மேல வந்தோமே, ரெண்டு தடவ கூப்பிட்டேன். உங்க கை ஸ்டியரிங்ல இருந்துச்சு, கண்ணு மூடியிருந்துச்சு. எதிர்ல லாரி. தொடையில நறுக்குன்னு கிள்ளினேன். முழிச்சுக்கிட்டு, 'என்ன, எறும்பா?'ன்னு கேட்டீங்க."

மாஹிர் தொடையைத் தடவிக்கொண்டான்.

"அன்னிக்கு இடது சீட்ல நான் இருந்தேன். ராத்திரியில உங்களக் கிள்ளுறதுக்கு அங்க யாரு மச்சான் இருக்கா?"

அவன் திட்டத்தான் வாயைத் திறந்தான். கொட்டாவிதான் வந்தது.

எந்நேரம் வருவானோ என்று இரவெல்லாம் சும்மா சாத்தியே வைத்திருந்த கதவுக்கு, அன்றைக்குத்தான் ஸமீரா உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.