துப்பாக்கி அக்கா

“துப்பாக்கிய எங்கக்கா வெச்சிருக்கீங்க?”

ஈப்போவில் அந்தக் கல்யாண மண்டபத்து வாசலில், மங்களத்தின் கைப்பையை மேசைமேல் கவிழ்த்துத் தேடிக்கொண்டே கேட்டார் காவலுக்கு நின்ற ஜாகா. சீப்பு, தைலப் புட்டி, விபூதிப் பொட்டலம், மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றாக விழுந்தன.

“இன்னும் குடுக்கலியேப்பா! குடுங்கன்னுதானே கேட்டேன்” என்றாள் மங்களம்.

பக்கத்தில் நின்ற கணவர் பிச்சைமுத்து அவள் முழங்கையைக் கிள்ளினார். பின்னால் பட்டுச்சேலை வரிசை நீண்டுகொண்டே போனது. எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

எல்லாம் போன மாதம் தாப்பாவில் நடந்த பொதுக்கூட்டத்தால் வந்த வினை. பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் மங்களம் மரவள்ளியும் வாழையும் போட்டிருந்தாள். அறுவடை நெருங்கும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி, மொத்தத்தையும் தோண்டிப் போட்டுவிட்டுப் போயின.

கூட்டத்துக்கு வந்திருந்த சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி.யின் முன்னால் அவள் மைக்கைப் பிடித்தாள். “தோட்டம் வெச்சிருக்கிற எல்லாருக்கும் துப்பாக்கி லைசன்ஸ் குடுங்க. எனக்கு ரெண்டு குடுங்க!”

யாரோ அதைப் படம் பிடித்து டிக்டாக்கில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ‘துப்பாக்கி அக்கா’. இரண்டாவது துப்பாக்கி எதற்கு என்று பிச்சைமுத்து இதுவரை கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இன்று அதே ஒய்.பி. மாப்பிள்ளை வீட்டு அழைப்பில் இந்தக் கல்யாணத்துக்கு வருகிறார்.

“நீங்க கடைசி வரிசையில உக்காருங்கக்கா. மேடைப்பக்கம் போகக்கூடாது. மேலருந்து ஆர்டர்” என்றார் ஜாகா.

“அலாமா! நான் பொண்ணுக்குப் பெரியம்மாலா!” என்ற மங்களத்தின் குரல் சட்டென்று இறங்கியது. “என் தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் உயிரோட இல்ல. தாரை வார்த்துக் குடுக்க வேண்டியது நானும் இவரும்தான்.”

ஜாகா பரிதாபமாகத்தான் பார்த்தார். ஆனாலும் கை கடைசி வரிசையைக் காட்டியது.

அவர்கள் உட்கார்ந்த உடனே பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து அமர்ந்தார். கறுப்புச் சட்டை, அகன்ற தோள், காதில் ஏதோ கருவி. “ஆமா, வந்துட்டாங்க. பக்கத்துலதான் இருக்கேன்” என்று அதில் மெல்லப் பேசினார்.

“மப்டி போலீஸ்” என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார் பிச்சைமுத்து. “எதக் கேட்டாலும் வாயத் திறக்காத.”

கறுப்புச் சட்டைக்காரர் மங்களத்தின் பக்கம் சாய்ந்தார். “அக்கா, அந்தப் பன்னிங்க எந்தப் பக்கமா வரும்?”

“ஆத்துப் பக்கமா.”

“கூட்டமாவா?”

“கூட்டமாத்தான்.”

“பெருசு ஒன்னு எத்தன கிலோ இருக்கும்?”

மங்களத்துக்கு எரிச்சல் வந்தது. “நிறுத்துப் பாக்கலப்பா. அது நிக்கல.”

மேளம் ஓய்ந்தது. பெண் வீட்டாரை மேடைக்கு அழைத்தார் ஐயர். மணவறையிலிருந்து கழுத்தை எக்கி எக்கிப் பெரியம்மாவைத் தேடினாள் மணப்பெண் தினேஸ்வரி. கண்மை கலங்க ஆரம்பித்திருந்தது.

மங்களம் எழுந்துவிட்டாள். ஜாகா ஓடி வந்து குறுக்கே நின்றார்.

“அக்கா, என் வேலை போயிரும்லா.”

“புள்ள அழுவுறா பாருய்யா!”

கறுப்புச் சட்டைக்காரர் எழுந்து நடுவில் வந்தார். “விடுங்கண்ணே. நான் கூடவே போறேன். அக்காவ நான் பாத்துக்கிறேன்.”

ஜாகா அவருடைய சட்டையைப் பார்த்தார். காதைப் பார்த்தார். உடனே விறைப்பாக நிமிர்ந்து வழிவிட்டார். கை பாதி சல்யூட்டுக்கே போய்விட்டது.

மங்களமும் பிச்சைமுத்துவும் தினேஸ்வரியின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து நீர் வார்த்தார்கள். “பெரியம்மா” என்றாள் தினேஸ்வரி. மங்களம் முந்தானையால் அவள் கண்மையைத் துடைத்துவிட்டாள்.

மேடையிலிருந்து இறங்கும்போது முன்வரிசையில் இருந்த ஒய்.பி.யைப் பார்த்து மங்களம் சிரித்தாள். அவர் அவசரமாக இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார்.

பந்தியிலும் கறுப்புச் சட்டைக்காரர் அவர்களுக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்தார். சாம்பாரையும் கூட்டையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “இன்னைக்கு முழுக்கச் சைவம்தானா?”

மங்களத்தால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. “தம்பி, என்னைய மேடைக்குக் கூட்டிட்டுப் போனீங்க. அத நான் சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா ஒன்னு சொல்லிருங்க. சாப்பிட்டு முடிச்சதும் என்னைப் புடிச்சிட்டுப் போகப் போறீங்களா? நீங்க எந்த ஸ்டேசன்?”

“ஸ்டேசனா?” அவர் விழித்தார். “நான் தர்மா, அக்கா. மாப்பிள்ளைக்கு மாமா முறை. காம்பார்ல சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கேன். காதுல இருக்கிறது கடை ஆளுங்களோட பேசுற போன்.”

பிச்சைமுத்துவின் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. “அப்புறம் எதுக்குய்யா காலையிலேர்ந்து இவ பின்னாலயே சுத்துறீங்க?”

தர்மா இருபக்கமும் பார்த்துவிட்டு, இலைக்கு மேலே குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“துப்பாக்கி கிடைச்சதும், பன்னிக்கறிய என் கடைக்கே குடுத்துருங்கக்கா.”