தொடும்போது சொல்லுங்கள்

"கண்ணை மூடிக்குங்க வாரன். நான் தொடும்போதெல்லாம் ஆமான்னு சொல்லுங்க."

வாரன் மூடிக்கொண்டார். எழுபதை நெருங்கும் லாரிக்காரர். பதினெட்டு வருஷத்துச் சர்க்கரை.

டாக்டரின் கையில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. நுனியால் அவருடைய கால் பெருவிரலைத் தொட்டாள்.

பதில் இல்லை.

குதிகால்.

பதில் இல்லை.

இழையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா," என்றார் வாரன்.

பாதத்தில் உணர்ச்சி போனால் லாரி லைசென்ஸும் போய்விடும். அதனால் குத்துமதிப்பாக, ஐந்து விநாடிக்கு ஒரு ஆமா.

"நான் இன்னும் தொடவே இல்லையே."

"தொடப் போறீங்கன்னு தெரியும் டாக்டர்."

சிரித்திருக்க வேண்டிய இடம். அவள் கடிதம் எழுதினாள். இனி லாரி கூடாது.

அவர் அதைப் படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஊரை விட்டுக் கிளம்புற நேரத்துல இந்த வேலை உங்களுக்குத் தேவையா?"

காலையில்தான் மின்னஞ்சல் வந்தது. மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊர் என்றால் ஒரு பேக்கரி, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு டாக்டரம்மா.

வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு முதல் பத்து வருஷம் நகரம் கிடையாது. உள்ளூர் டாக்டர்கள் போக மாட்டேன் என்கிற இடங்களை வரைபடத்தில் சிவப்பாக்கி வைத்திருந்தார்கள். அந்தச் சிவப்பின் நட்டநடுவே அவளைக் கொண்டுவந்து போட்டார்கள். மதுரையில் படித்தது குற்றம் ஒன்றும் இல்லை. தண்டனை மட்டும்தான்.

மெல்போர்னில் கணவன் குமரேஷுக்கு வேலை. மகள் தாரிகா அவனோடு. இவள் கிளம்பும்போது மூன்று வயது. இப்போது பதின்மூன்று. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போவாள். நான்கு நாள்.

பத்து வருஷம் முடிந்தது. எங்கு வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்றது மின்னஞ்சல்.

இதைப் படித்ததும் அழுவாள் என்று வெகுநாளாக நினைத்திருந்தாள். குதிப்பாள் என்றுகூட. இந்த இடுப்பு வலியை வைத்துக்கொண்டு.

படித்தாள். கையிலிருந்த சாண்ட்விச்சைத் தின்று முடித்தாள்.

நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தாள். இந்த ஊருக்கு மருந்தே பத்து நாள் தாமதமாகத்தான் வரும். சந்தோஷமும் வழியில் எங்காவது நிற்கிறதாக இருக்கும்.

வாரன் போன பிறகும் வரவில்லை.

தன் கட்டைவிரலை இழையால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். விரலுக்கு ஒன்றும் இல்லை. தொட்டது நன்றாகவே தெரிந்தது.

வீடியோ அழைப்பு.

"வந்துட்டா உங்கம்மா!" குமரேஷின் கத்தல். பின்னால் குக்கர் விசில்.

தாரிகா திரைக்குள் வந்தாள். வாயில் பல்கம்பி. அது எப்போது போட்டது?

"வெள்ளிக்கிழமை வர்றியாமே?"

"ஆமாடா தங்கம்."

"எத்தனை நாளும்மா?"

குக்கர் இன்னொரு தரம் கத்தி ஓய்ந்தது.

"லூசு, அம்மா இனிமே இங்கதான்," என்றான் குமரேஷ்.

"ஓ."

கொஞ்சம் யோசித்தாள் குழந்தை. நல்ல குழந்தை, வருத்தப்படுத்த நினைக்கிற ஆள் இல்லை.

"சூப்பர்மா. அப்ப உன் ரூம்ல இருக்கற என் மேஜையை ஹாலுக்கு நகர்த்திடறேன். எப்பவும் நாலு நாளைக்கு நகர்த்துவோம்ல, அதே மாதிரி."

போய்விட்டாள். தூரத்தில் மேஜையின் கால்கள் தரையில் கிறீச்சிட்டன.

குமரேஷ் போனைத் தன் பக்கம் திருப்பினான். அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்து விநாடி இருக்கும்.

"ஆமா, சந்தோஷமாத்தான் இருக்கேன்," என்றாள்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே," என்றான் குமரேஷ்.