விடலைத் தேங்காய்

பழவங்காடி கணபதி கோயிலில் உலகம்மாள் ஓங்கிப் போட்ட தேங்காய் சுக்குநூறாகச் சிதறியது.

“பிள்ளையாரப்பா, எங்க வீட்டுக்காரரு காலெரிச்சலை ஒரேயடியா எடுத்துட்டியே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பாதத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு தூங்காமல் புரண்ட மனுஷன் நயினார். அவள் நேர்ந்துகொண்ட கொஞ்ச நாளில் எரிச்சல் தானாக அடங்கிவிட்டது. “சாமியே குணமாக்கியாச்சு, இனி எதுக்கு?” என்று சர்க்கரை மாத்திரையையும் அவள்தான் நிறுத்தினாள்.

செருப்பு விட்ட இடத்துக்குத் திரும்பும்போது கல்தரையில் ரத்தத்தைப் பார்த்தாள்.

“யாரு கால்லயோ தேங்காய்ச் சிரட்டை ஏறியிருக்கு, பாவம்!”

“ஐயோ, துடிச்சிருப்பானே!” என்றபடி முன்னால் நடந்த நயினார் அடுத்த அடியை எடுத்து வைத்தார்.

அந்த அடியிலும் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆஷா அவர் பாதத்தில் ஆழப் புதைந்திருந்த சிரட்டைத் துண்டை இடுக்கியால் கிளறினார்.

“எரிஞ்சப்போ நரம்புக்கு உயிர் இருந்துச்சு, அம்மா. கஷ்டப்பட்டு மூளைக்குச் சேதி சொல்லிட்டிருந்தது. சர்க்கரை அதைக் கொன்னுடுச்சு. சேதி போறதுதான் நின்னது, நோய் போகலை. மருந்தை ஏன் நிறுத்தினீங்க?”

உலகம்மாள் பாதத்துக்குள் கிளறிக்கொண்டிருந்த இடுக்கியையே பார்த்தாள்.

படுத்திருந்த நயினார் மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்: “டாக்டரம்மா, சிரட்டையை எப்பம் எடுக்க ஆரம்பிப்பீங்க?”

அந்த எரிச்சலைத் திருப்பித் தரச்சொல்லி எந்தச் சாமிக்கு நேர்ந்துகொள்வது என்று உலகம்மாளுக்குத் தெரியவில்லை.