கறுப்புத் துணி

மலைமேல் இருந்த தன் பழைய பங்களாவைப் பேய்ப்படம் எடுக்க வாடகைக்கு விட்டபோது, பின்னறையில் நோயோடு படுத்திருக்கும் கணவர் சவரிமுத்துவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று மட்டும்தான் பிலோமினா கேட்டிருந்தாள். மூன்றாம் நாள் நண்பகலில், சன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்துக் கூடத்தை இருட்டாக்கினார்கள். அவள் வெள்ளையடித்து வைத்திருந்த சுவர்களில் பாசியும் கரியும் பூசினார்கள். பிறகு புகை போட்டார்கள். கதவிடுக்கு வழியே புகை பின்னறைக்குள் போனதும் சவரிமுத்து இருமத் தொடங்கினார்.

“அவருக்கு மூச்சு முட்டுது தம்பி, புகைய நிறுத்துங்க,” என்றாள் பிலோமினா.

“ஒரே ஒரு ஷாட்டும்மா. ஓரமா நில்லுங்க,” என்றார் இயக்குநர், திரும்பிப் பார்க்காமலேயே.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “சார், இந்த இருமல் பிரமாதமா விழுது,” என்றார்.

“அப்ப இன்னும் கொஞ்சம் புகை விடுங்கப்பா.”

பிலோமினா ஓடிப்போய்ச் சன்னல் துணியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். ஆணிகள் தெறித்தன. வெயில் கூடத்துக்குள் கொட்டியது. இயக்குநர் கத்தவில்லை. “நிறுத்தாத. அந்த முகத்துக்குப் போ,” என்று கேமராக்காரரிடம் மெதுவாகச் சொன்னார். கேமரா அவள் பக்கம் திரும்பியது. அவள் நேராக நடந்துபோய்த் துணியை அதன்மேல் எறிந்தாள்.

“இப்ப எடுடா.”

ஒலிப்பதிவாளர் மெல்ல ஹெட்போனைக் கழற்றினார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், பின்னறையில் இருமல் நின்றுபோயிருந்தது பிலோமினாவுக்கு உறைத்தது.