ஷப்ரீன் வைத்த மரம்

பைக்கிலிருந்து வகிதா அக்கா இறங்கியதைப் பார்த்ததுமே சுகிர்தா ஓரடி பின்வாங்கினாள்.

கடைசி நேரத்தில் வராமல் இருந்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தாள். ஒன்றரை வருஷமாக வாசற்படி தாண்டாத மனுஷி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காடு பார்க்க வந்து நிற்கிறார்! பக்கத்தில் அவர் கணவர் அஹமது பாட்சா, உத்திரமேரூர் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். சுகிர்தாவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். ஞாபகம் இருக்கட்டும் என்று அர்த்தம்.

இல்லாமல் என்ன? ஒரு வாரமாக அவளுக்கு அதே நினைப்புதான்.

மொட்டையாய்க் கிடந்த மேட்டு நிலத்தில் இந்த மண்ணின் மரங்களாகவே பார்த்து நட்டு, பன்னிரண்டு வருஷமாக வளர்த்துவரும் காடு அது. ஞாயிறுதோறும் வருகிறவர்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவது சுகிர்தாவின் வேலை. திருப்புலிவனத்தில் அவள் அம்மா இன்னமும் அடுத்தவன் கழனியில்தான் நாற்று நடுகிறாள். மகளுக்கு நிழலில் ஒரு வேலை கிடைத்ததே என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு கன்று வைத்து, அதில் தங்கள் பேர் பொறித்த தகட்டையும் கட்டினார்கள். பாட்சா பாயின் ஒரே மகள் ஷப்ரீனும் ஒன்று வைத்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மானாம்பதி கூட்டு ரோட்டில் லாரி அடித்துப் போய்விட்டாள். பதினைந்து வயசு.

அவளை அடக்கம் செய்த கபரஸ்தானுக்குள் அவர்கள் வீட்டுப் பெண்கள் போகிற வழக்கமில்லை. மகள் பேரைச் சொல்லி வகிதா அக்கா போய் நிற்க உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த மரம்தான்.

அந்த மரம்தான் செத்துப்போயிருந்தது.

காட்டின் சட்டம் அப்படி. இரண்டு கோடைக்குத்தான் தண்ணீர். அதற்குமேல் பிழைக்கிறது பிழைக்கட்டும், போகிறது போகட்டும். போன சித்திரையில் அது வாடி வதங்குவதைச் சுகிர்தா தினமும் பார்த்தாள். ஒரு குடம் ஊற்றியிருந்தால் யார் கண்டார்கள்? வேலை போய்விடுமோ என்று பயந்து ஊற்றாமல் விட்டாள். பாவி.

போன வாரம் பாட்சா பாய் போன் செய்து, அக்காவைக் கூட்டிவரப் போவதாகச் சொன்னபோது, உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"அந்தப் பேர்த் தகட்ட வேற எதுலயாவது கட்டிவுடும்மா," என்றார் அவர். "அவளுக்குத் தெரிய வேணாம்."

கட்டிவிட்டாள். செத்ததைப் புதர் மறைத்திருந்தது. பத்தடி தள்ளித் தளதளவென்று ஒன்று நின்றது, அதில் கட்டினாள். வருகிறவர்களுக்கு மரமெல்லாம் ஒன்றுதானே! வேம்பையும் புளியையும் தாண்டி அவர்கள் என்னத்தைக் கண்டார்கள்?

நடை தொடங்கியது. சென்னையிலிருந்து தொப்பியும் கேமராவுமாக வந்திருந்த நாலு பேர் முன்னால் போனார்கள். சுகிர்தா ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று வளவளவென்று பேசினாள். ஏசப்பா, வெயில் ஏறட்டும், அக்கா அசந்துபோய்த் திரும்பிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டே பேசினாள்.

அக்கா அசரவில்லை. ஓடைப் பள்ளத்தைத் தாண்டும்போது முதல்முறையாகப் பேசினார்.

"எம்பொண்ணு வெச்சது எலுமிச்சை வாசம் அடிக்குமாமே சுகிர்தா? அன்னிக்கு ஒரு எலையக் கசக்கிக்கினு ஓடியாந்து என் மூக்காண்ட வெச்சா. கைகூடக் கழுவல, கழுதை."

சுகிர்தா நடையை மெதுவாக்கினாள். செத்தது காட்டெலுமிச்சை. அவள் தகடு கட்டியிருப்பதோ வெப்பாலை. கிள்ளினால் பால் வடியும், அவ்வளவுதான். எலுமிச்சையாவது, வாசமாவது!

பாயைப் பார்த்தாள். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

மரம் வந்தேவிட்டது. தகட்டிலிருந்த பெயரை வகிதா அக்கா விரலால் தடவினார். எட்டி ஓர் இலையைக் கிள்ளினார். காம்பிலிருந்து வெள்ளைப் பால் கசிந்து விரலில் வழிந்தது. துடைக்கவில்லை. இலையைக் கசக்கி மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

தொலைந்தோம் என்று நின்றாள் சுகிர்தா.

அக்கா கண்ணைத் திறந்தார். அந்த இலையைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

பாய் முகர்ந்தார். "ஆமா வகிதா, அதே எலுமிச்சை," என்றார்.

அக்கா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஆமாங்க," என்றார்.

கூட்டம் நகர்ந்தது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சென்னைக்காரர்களோடு பேசியபடி முன்னால் போனார். மனுஷர் முகத்தில் உயிர் திரும்பியிருந்தது. அப்பாடா என்றிருந்தது சுகிர்தாவுக்கு.

பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது. பால் காய்ந்து பிசுபிசுத்த விரல்கள்.

"செத்துப்போனது எங்கம்மா கீது?"

வகிதா அக்கா, கணவர் வளைவு திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எம்பொண்ணு மூஞ்சியக்கூட எனக்குக் காமிக்கல. மூடியே தூக்கிக்கினு போய்ட்டாங்க. இத்தயாவது காமிம்மா."