படகுக்காரர் சோப்பு

"இதுவும் நுரைக்கல," என்றான் கணவன்.

கிணற்றடித் தொட்டியருகே குந்தியிருந்தான். புதிய கட்டியைத் தேய்க்கத் தேய்க்க, திரிந்த பாலைப்போல வெண்துகள்கள்தாம் விரலிடுக்கில் ஒட்டின.

மனைவி வீட்டிலேயே சோப்புக் காய்ச்சி விற்பவள். அவள் சரக்கை யாரும் குறை சொன்னதில்லை. படகு கவிழ்ந்து, கூடப் போனவர்களில் ஒருவரும் திரும்பாமல், இவன் மட்டும் ஈரத்தோடு வாசலில் வந்து நின்ற நாளிலிருந்துதான் இந்தக் குறை.

அவளும் சளைக்கவில்லை. விளக்கெண்ணெயைக் கூட்டினாள். காரநீரில் சர்க்கரையைக் கரைத்தாள். ஒவ்வொரு முறையும் நுரை பெருகத்தான் செய்தது, அவன் கையைத் தவிர மற்ற எல்லார் கையிலும்.

தொட்டியின் மறுபுறம் முகம் கழுவிக்கொண்டிருந்த அவன் தங்கை, கட்டியைப் பிடுங்கித் தேய்த்தாள். முழங்கைவரை நுரை ஏறியது.

"சோப்பு மேல பழி போடாத அண்ணா. அண்ணி என்ன பண்ணுவாங்க? உன் கையிலதான் ஏதோ கோளாறு."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மனைவி அந்தக் கட்டியைச் சட்டென வாங்கி முந்தானையில் மறைத்துக்கொண்டாள். அவன் யோசிக்கத் தொடங்கிவிடக் கூடாது. யோசித்தால் புரிந்துவிடும்; புரிந்தால் போய்விடுவான்.

அது நல்ல தண்ணீர்க் கிணறு. ஆனால், அவன் முழங்கையிலிருந்து சொட்டியதை ஒருநாள் அவள் நாக்கில் வைத்துப் பார்த்திருந்தாள்.

உப்பு. கடல் உப்பு.

உப்புநீரில் எந்தச் சோப்பும் திரியும், ஒன்றைத் தவிர. தேங்காய் எண்ணெயை மட்டுமே கொண்டு காய்ச்சுவது. கடல்நீரில் குளிப்பதற்கென்று படகுக்காரர்கள் கேட்டு வாங்குவது. வெள்ளையாக, மணமின்றி இருக்கும். அவனும் ஆண்டுக்கணக்கில் தேய்த்ததுதான்; பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வான்.

ஆகவே, மஞ்சள் கலந்து, எலுமிச்சை எண்ணெய் விட்டு, வட்ட அச்சில் ஊற்றி ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்தாள். கொடுக்கத்தான் மனம் வரவில்லை. கொடுப்பதென்றால், தெரிந்ததைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்வதாகும்.

இப்போது அதை எடுத்து வந்து நீட்டினாள்.

அவன் மோந்து பார்த்தான். கண்ணை மூடி, மீண்டும் மோந்தான்.

தேய்த்தான்.

நுரை குபுகுபுவெனப் பொங்கி மணிக்கட்டைத் தாண்டி வழிந்தது.

"அடிப்பாவி, இத முன்னாடியே குடுத்திருக்கலாம்ல?"

"எனக்கும் ஒண்ணு குடுங்க அண்ணி," என்று தங்கை கை நீட்டினாள்.

"உனக்கு எதுக்குடி? உனக்குத்தான் எதப் போட்டாலும் நுரைக்குதே," என்றாள் மனைவி.

அவன் சிரித்துக்கொண்டே நுரையை அள்ளி முகம் முழுக்க அப்பிக்கொண்டான். கண், மூக்கு, வாய் எல்லாம் வெண்மைக்குள் மறைந்து, முகம் அடையாளமற்றுப் போயிற்று.

அவள் பார்வையை விலக்கவில்லை. இப்படியொரு முகத்தை அவள் முன்பே பார்த்திருந்தாள்.

அவன் திரும்பி வந்த சில நாளில், கரையொதுங்கிய உடல் ஒன்றை அடையாளம் காட்ட அவளை அழைத்துப் போயிருந்தார்கள். முகத்தில் கடல் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை. அவள் குனிந்து, அந்த உடலில் இருந்த, கணவனுக்கென்று தன் கையால் தைத்த சட்டையின் கழன்றிருந்த பொத்தானை மெல்லப் போட்டுவிட்டாள்.

"இது யாரோ. எங்க வீட்டுக்காரர் வீட்டுல தூங்குறாரு," என்று சொல்லிவிட்டு, அவன் விழிப்பதற்குள் வீடு சேர வேண்டுமென்று வேகமாக நடந்தாள்.