கையுறை போடாத விரல்

ஆய்வகத்து அக்கா பாசியிலிருந்து பிரித்து வைத்திருந்த குட்டி ஆர்.என்.ஏ. இருந்த குழாயைக் கையுறை போடாமல் திறந்துவிட்டேன். விரல் வியர்வை பட்டாலே அந்த ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும். எந்த மரபணு எப்போது வாயை மூட வேண்டும் என்று செடிக்குச் சொல்வது அதுதான். எனக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை. பாசி முதல் நெல் வரை நாற்பது கோடி ஆண்டுகளாக மாறாதது, இந்தப் பாறைப் பாசியில் மட்டும் அதன் மரபு வரிசையில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதை உறுதிசெய்தால் அக்காவுக்குப் பட்டம். இப்போது சோதனைத் திரையில் கோடு விழவேண்டிய இடத்தில் புகைபோல ஒரு மங்கல் கிடக்கிறது. குளிர்பெட்டி முனகுகிறது. அக்கா தன் கையுறையை விரல் விரலாகக் கழற்றுகிறாள். “வேற பாசி கொண்டு வரட்டுமாக்கா?” மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். முதல் இரண்டு முறையும் “சாப்பிட்டியாடா?” என்றுதான் பதில் வந்தது. “எங்கேருந்துடா கொண்டு வருவ? அந்தப் பாறைக்குப் போன மாசமே வெடி வச்சுட்டாங்க.”